தாம்பரத்தில் ஒரு கிரவுண்டில் கீரை போட்டால் என்ன மிஞ்சும்?

கேள்வி இதுதான்: "தாம்பரத்துக்கு மேற்கே ஒரு கிரவுண்டு காலி மனை இருக்கிறது. குடியிருக்கும் வீட்டில் 800 சதுர அடி மொட்டை மாடி. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு நகர விவசாயத்தில் இறங்கலாம் என்று இருக்கிறேன். மாதம் 40,000 ரூபாய் எடுக்க முடியுமா? என்ன பயிர் வைக்கலாம்?"

முதல் வருடம் முடியாது. மூன்றாவது வருடத்தில் முடியலாம், அதுவும் வீட்டில் இன்னொரு ஆள் கூட நின்றால். தென்சென்னைப் புறநகரில் பத்து வருடமாகக் கீரை, காளான், நாற்று மூன்றையும் வைத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தப் பத்து வருடத்தில் மூன்று வருடம் கையைக் கடித்தது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எல்லாரும் முதலில் தக்காளி, கத்தரி, வெண்டை என்று காய்கறியைத்தான் நினைக்கிறார்கள். வேண்டாம். கோயம்பேட்டுக்கு வரும் தக்காளி மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் லாரி லாரியாக வருகிறது. ஏக்கர் கணக்கில் போடுகிறவரோடு நீங்கள் சாக்குக் கணக்கில் போட்டி போட முடியாது. நல்ல பராமரிப்பில் ஒரு பைத் தக்காளிச் செடி நாலு மாதத்தில் இரண்டரைக் கிலோ கொடுத்தால் பெரிது. நூறு பை வைத்தால் 250 கிலோ. கிலோ முப்பது ரூபாய்க்கு விற்றாலும் நாலு மாத உழைப்புக்கு 7,500 ரூபாய். பையும் தென்னை நார்க்கழிவும் எருவும் வாங்கிய காசே அதைவிட அதிகம் ஆகியிருக்கும். வீட்டுச் சாம்பாருக்கு வையுங்கள், விற்பதற்கு வைக்காதீர்கள்.

நகரம் உங்களுக்கு நிலம் கொடுக்காது, தண்ணீர் கொடுக்காது. வாங்குகிறவர் வீட்டு வாசலை மட்டும் பக்கத்தில் வைத்திருக்கிறது. லாபம் அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் இருக்கிறது. அதனால் வண்டியில் ஏற்றினால் வாடுவது, அடுக்கினால் நசுங்குவது, மறுநாள் விலை போகாதது எதுவோ அதைத்தான் நாம் பயிரிட வேண்டும். கீரை, காளான், நாற்று. என் பத்து வருடப் பாடம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் கணக்கு.

கீரைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. வரப்பு, நடைபாதை, தண்ணீர்த் தொட்டி, எருக்குழி போக 1,600 சதுர அடி பாத்தி தேறும், அதாவது ஏறக்குறைய 150 சதுர மீட்டர். முளைக்கீரை, சிறுகீரை இரண்டும் 25 நாளில் வேரோடு பிடுங்குகிற ஜாதி. அரைக்கீரையைக் கிள்ளிக் கிள்ளி மாதக்கணக்கில் எடுக்கலாம். சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்று நான் கணக்கு வைக்கிறேன். மண் பழகிய பிறகு இதைவிடக் கூடவும் வரும். மாதம் 150 கிலோ, கட்டு கால் கிலோ என்றால் 600 கட்டு. ஒரேயடியாக விதைத்துவிட்டால் அத்தனையும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். பாத்திகளைப் பிரித்து இரண்டு நாளைக்கு ஒரு பாத்தி விதைத்தால்தான் தினம் இருபது கட்டு கைக்கு வரும்.

அந்த இருபது கட்டைக் கடைக்காரரிடம் போட்டால் எட்டு ரூபாய், பத்து ரூபாய். மாதம் ஆறாயிரத்தைத் தாண்டாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் நேராகக் கொடுத்தால் இருபது, இருபத்தைந்து. மாதம் 12,000 முதல் 15,000 வரை. விதை, எரு, மோட்டார் கரண்ட், வாழைநார், பெட்ரோல் எல்லாம் ஐந்தாயிரத்துக்குக் குறையாமல் போகும். உங்கள் சம்பளத்தைச் சேர்க்காமல் ஏழெட்டாயிரம் மிஞ்சும். பாத்தி அதேதான், கீரையும் அதேதான். விற்கும் இடம் மாறியதால் மட்டும் காசு இரட்டிப்பானது.

கீரை விற்பதில் ஒரு நேரக்கணக்கு இருக்கிறது. ராத்திரி கீரை சாப்பிடக்கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். அதனால் மதியச் சமையலுக்கு முன்னால் போய்ச் சேராத கட்டு மாட்டுக்குத்தான். நான் நாலரை மணிக்குப் பாத்தியில் இறங்குவேன். அந்த நேரத்தில் தண்டு தண்ணீர் குடித்து விறைப்பாக இருக்கும், பிடுங்கினால் வேர் 'சரக்' என்று மண்ணை விட்டு வரும். ஏழு மணிக்கு மேல் பிடுங்கினால் கையிலேயே துவளும். வேர் மண்ணை உதறி, அலசாமல், ஈரச் சாக்கில் நிமிர்த்தி வைக்க வேண்டும். அலசிக் கொடுத்தால் சுத்தமாகத் தெரியும், ஆனால் இரண்டு மணி நேரத்தில் இலை கறுக்கத் தொடங்கும். முந்தின நாள் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் யார் யாருக்கு என்ன கீரை என்று வாங்கிக்கொண்டு, அந்த எண்ணிக்கை மட்டும் பிடுங்குங்கள். பாத்தியில் இருக்கிற கீரை நாளைக்கும் கீரைதான்.

வேலி ஓரத்தில் பத்து அகத்தி நட்டுவிடுங்கள். அமாவாசை காலையில் கோயில் வாசலில் மாட்டுக்குக் கொடுக்க அகத்திக்கீரை கேட்டு வருகிறவர்களுக்குப் பேரம் பேச நேரமிருக்காது. துவாதசிக்குப் பாரணை செய்கிற வீடுகள் தனிக் கணக்கு. மாதத்தில் மூன்று நாள் வருமானம்தான், ஆனால் செலவே இல்லாத வருமானம்.

மழைக்காலத்தைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். சென்னைக்கு வருடத்தில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். திறந்த பாத்தியில் கீரை அழுகும், விதை மண்ணோடு வழித்துக்கொண்டு போகும். செங்குன்றம், திருவள்ளூர்ப் பக்கத்துக் கீரைக் காடுகளுக்கும் அதே கதிதான், அதனால் நவம்பரில் கட்டு நாற்பதுக்கும் ஆள் தேடுவார்கள். அந்த நேரத்தில் பாத்தியில் கால்வாசிக்கு மட்டும் மூங்கில் நட்டு பாலித்தீன் கூரை போட்டவன் பிழைத்துக்கொள்வான். நான் இதைப் புரிந்துகொள்ள இரண்டு ஐப்பசியைப் பறிகொடுத்தேன்.

தண்ணீர் இன்னும் பெரிய விஷயம். 150 சதுர மீட்டர் பாத்திக்கு வெயில் காலத்தில் நாளைக்கு 750 லிட்டர் வேண்டும். ஒரு லாரித் தண்ணீர் 12,000 லிட்டர், பதினாறு நாளுக்கு வரும். லாரித் தண்ணீரில் கீரை வளர்ப்பது சம்பளம் கொடுத்து வேலைக்குப் போவது மாதிரி. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு கிடந்தபோது என் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் ஊற அரை மணி நேரம் ஆயிற்று. மூன்று மாதம் பாத்தியை அப்படியே விட்டுவிட்டேன். குடிக்கத் தண்ணீர் இல்லாத தெருவில் கீரைக்குக் குழாய் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு முகமில்லை. நீங்கள் வேலையை விடுவதற்கு முன் மே மாதத்தில் உங்கள் மனையின் போர்த் தண்ணீரைப் பாருங்கள்: எத்தனை நிமிடம் ஓடுகிறது, உப்பு எவ்வளவு. கார்த்திகையில் பார்த்தால் எல்லாப் போரும் கங்கைதான்.

மண்ணையும் சோதித்துவிடுங்கள். புறநகரில் காலி மனை என்றால் பெரும்பாலும் கட்டட இடிபாட்டைக் கொட்டி மட்டப்படுத்தியது. ஒரு அடி தோண்டினால் செங்கல் சல்லி, சிமென்ட் கட்டி, பெயின்ட் டப்பா. பக்கத்தில் சாக்கடை ஓடினால் அந்தத் தண்ணீரைக் கீரைக்குத் தொடவே தொடாதீர்கள். இலைக் கீரை கனஉலோகங்களை மற்றக் காய்களைவிட அதிகமாக இழுத்து வைத்துக்கொள்ளும். "எங்கே விளைந்தது" என்று கேட்டுத்தான் உங்களிடம் இரட்டை விலை கொடுக்கிறார்கள், அந்த நம்பிக்கை போனால் நீங்களும் இன்னொரு கீரைக்காரர்தான்.

மனசு கஷ்டப்பட்டாலும் இன்னொரு கணக்கையும் பாருங்கள். உங்கள் கிரவுண்டு அறுபது லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்வோம். விற்று வங்கியில் ஆறு சதவீதத்துக்குப் போட்டால் மாதம் முப்பதாயிரம் படுத்துக்கொண்டே வரும். கல் தூண் நட்டு, கீற்றுக் கொட்டகை போட்டு எட்டு கார் நிறுத்த விட்டால்கூட கீரையைவிட அதிகம் வரும், என் பக்கத்து மனைக்காரர் அதைத்தான் செய்கிறார். நகரத்தில் விவசாயம் தோற்பது பூச்சியிடம் இல்லை, மனை விலையிடம். சென்னை மாநகராட்சி 2011-இல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பெருநகரப் பகுதி 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனது. தாம்பரமே 2021-இல் தனி மாநகராட்சி ஆகிவிட்டது. ஒவ்வொரு முறை கோடு நகரும்போதும் கோட்டுக்கு அப்பால் இருந்த கீரைப் பாத்தி ஒன்று 'பிளாட் விற்பனைக்கு' என்ற பலகைக்குப் போகிறது. ஆகவே நிலத்தை விற்கப்போவதில்லை, பிள்ளைகள் வீடு கட்டும்வரை சும்மா கிடக்கிறது என்கிற நிலைமையில் மட்டுமே இந்தத் தொழில் கணக்கில் நிற்கும். வாடகைக்கு மனை எடுத்துக் கீரை போட நினைத்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

சரி, காசு எங்கே என்றால் காளானில். பாத்தியே வேண்டாம், மனையின் ஒரு மூலையில் இருநூறு சதுர அடி கீற்றுக் குடில் போதும். சிப்பிக் காளானுக்கு 20 முதல் 30 டிகிரி வேண்டும், சென்னையில் ஐப்பசி முதல் மாசிவரை அருமையாக வரும். பங்குனியிலிருந்து சிப்பி சிணுங்கும். அப்போது பால் காளானுக்கு மாறிவிட வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 ரகம் 30–35 டிகிரியில் தான் சந்தோஷமாக இருக்கும். நம் வெயிலுக்கு என்றே செய்தது போல. சிப்பி பறித்த மறுநாளே ஓரம் மஞ்சளாகும், பால் காளான் குளிர்பெட்டி இல்லாமலே மூன்று நாள் தாங்கும். விற்கிறவனுக்கு இது பெரிய நிம்மதி.

வேலை இப்படி: வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, வடித்து உலர்த்த வேண்டும். பதம் பார்க்க ஒரே வழிதான். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். சொட்டு விழக்கூடாது, ஆனால் கையைத் திறந்தால் உள்ளங்கை பளபளவென்று ஈரமாக இருக்க வேண்டும். சொட்டினால் படுக்கை, அதாவது வைக்கோல் நிரப்பிய பை, அழுகும். உள்ளங்கை காய்ந்திருந்தால் வித்து, அதாவது காளான் விதை, பரவாது. பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு வித்து என்று நிரப்பிக் கட்டித் தொங்கவிட்டால் பதினைந்து இருபது நாளில் உள்ளே வெள்ளைப் பூசணம் பஞ்சு போலப் பரவிவிடும். பால் காளான் என்றால் அப்போது பையை நடுவில் அறுத்து, மேலே அவித்த மண்ணை ஒரு விரல்கடை உயரத்துக்குப் பரப்ப வேண்டும். தினம் ஆறு படுக்கை போட்டால் நாளைக்கு ஐந்து கிலோ எடுக்கலாம். கிலோ 200 ரூபாய்க்குக் கொடுத்து, வித்தும் வைக்கோலும் விறகும் 80 போனால் மாதம் 18,000. காகிதத்தில் இப்படி. நிஜத்தில் ஐந்தில் ஒரு படுக்கை பச்சைப் பூஞ்சை பிடித்துப் போகும், விற்காமல் நின்று போகும் நாளும் உண்டு. பன்னிரண்டாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பச்சைப் பூஞ்சையில் ஒரு வேடிக்கை. மாடித்தோட்டக்காரர்கள் வேரழுகலுக்குத் தென்னை நார்க்கழிவில் கலக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சை இருக்கிறதே, காளான் படுக்கையைப் பச்சையாக்கித் தின்பதும் அதே குடும்பம்தான். கீரைக்கு அது தெய்வம், காளானுக்கு எமன். நான் காலையில் நாற்றுத் தட்டுகளுக்கு அதைக் கலந்துவிட்டு, அதே லுங்கியோடு குடிலுக்குள் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் நாற்பது படுக்கை போனது. வித்து சரியில்லை என்று வித்துக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு, பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது காளான் வேலை முடித்த பிறகுதான் செடி வேலை. குடிலுக்குத் தனிச் செருப்பு.

பயிற்சி எடுக்காமல் காளானில் இறங்காதீர்கள். கிண்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையத்தில் ஒரு நாள் பயிற்சி நடத்துகிறார்கள், கட்டணம் உண்டு. காளான், மாடித்தோட்டம், மண்ணில்லா விவசாயம் எல்லாம் வரும். ஒரு நாளில் தொழில் வராது, ஆனால் யாரிடம் வித்து வாங்கலாம் என்பதாவது தெரியும்.

மொட்டை மாடிக்கு வருவோம். மாடியில் வருமானத்தைத் தேடாதீர்கள், முதலில் கட்டடத்தைப் பாருங்கள். ஆள் ஏறி நடமாடும் மாடிக்கு இந்தியத் தரக் குறியீடு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரம்தான் கணக்கில் எடுக்கிறது. ஒரு அடி ஆழத்துக்கு ஈரமண் பரப்பினால் அதே சதுர மீட்டரில் 500 கிலோவுக்கு மேல் உட்காரும். யாரோ மாடியில் முழுப் பாத்தி கட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு அதையே செய்யாதீர்கள். தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் மணல் கலந்த பைகளை உத்திரத்துக்கு மேலேயும் சுவர் ஓரத்திலும் இடைவெளி விட்டு வையுங்கள். ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி ஊறினால் 75 லிட்டர் வரை உப்பும். கட்டியை இரண்டு தடவை கழுவி உப்பை எடுத்துவிட வேண்டும். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல்லின் மேல் தூக்கி வைத்தால் தளத்தில் ஓதம் இறங்காது. இதைச் சோம்பலில் விட்டதற்கு எங்கள் படுக்கையறைக் கூரை இரண்டு மழையில் பொரிந்து விழுந்தது. அதைச் சரிசெய்த செலவு அதுவரை மாடியில் எடுத்த காய்கறி அத்தனையின் விலையைவிட அதிகம்.

தோட்டக்கலைத் துறை 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளை என்று ஒரு 'கிட்' கொடுக்க ஆரம்பித்தது. பின்னால் 900 ரூபாய்த் தளையைப் பாதி மானியத்தில் 450-க்குக் கொடுத்தார்கள்: ஆறு பை, நார்க்கழிவுக் கட்டிகள், ஆறு வகை விதை, உயிர் உரங்கள், வேப்பெண்ணெய். கிடைத்தால் வாங்குங்கள், வீட்டுக்கு. அதில் தொழில் இல்லை.

ஆனால் அந்தத் தளை வாங்கிய வீடுகளில் தொழில் இருக்கிறது. விதை முளைக்காமல், முளைத்தது பிழைக்காமல், மூன்றாவது மாதம் காலிப் பையோடு நிற்கும் வீடு தெருவுக்குப் பத்து. அவர்களுக்கு நாற்றுத்தான் தேவை. 98 குழி கொண்ட தட்டில் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று விட்டால் நாற்றுக்கு ஒரு ரூபாய்க்குள் அடங்கும், நாலைந்து ரூபாய்க்குப் போகும். கையடக்கப் பையில் மாற்றி ஒரு மாதம் வளர்த்தால் முப்பது ரூபாய். உங்கள் 800 சதுர அடியில் நிழல்வலைக்குக் கீழே குழித்தட்டு வைத்தால் பாரமும் இல்லை. ஆடியிலும் தையிலும் கூட்டம் அலைமோதும், நடுவில் காற்றாடும். வருடத்துக்குச் சராசரி பிரித்தால் மாதம் ஆறாயிரம். "செடி வாடுகிறது, வந்து பாருங்கள்" என்று கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்குப் போய் மாதாமாதம் பராமரித்துக் கொடுத்தால் அது தனி. எனக்கு இன்றைக்குப் பெரிய வருமானமே அதுதான் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. விவசாயி என்று சொல்லிக்கொள்கிறேன், பாதி நாள் அடுத்தவர் மாடியில் நிற்கிறேன்.

மண்ணில்லாமல் தண்ணீரிலேயே வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். குழாயில் லெட்டூஸ் வளர்க்கும் படம் கண்ணுக்கு அழகு. சென்னை வெயிலில் வேர்த் தண்ணீர் சூடாகி வேர் அழுகும். குளிர்விக்கக் கரண்ட். வாங்குகிறவர்கள் நாலு ஓட்டல்காரர்கள், அவர்களுக்கு ஊட்டியிலிருந்து மலிவாக வருகிறது. அமெரிக்காவில் கட்டடத்துக்குள் அடுக்கடுக்காகக் கீரை வளர்க்க அறுபது கோடி டாலருக்கு மேல் முதலீடு வாங்கிய பவரி நிறுவனம் 2024 நவம்பரில் கடையை மூடியது, அதே தொழில் செய்த பிளென்டி 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்புக்குப் போனது. நிலமே இல்லாத சிங்கப்பூர்கூட 2030-க்குள் தன் ஊட்டச்சத்துத் தேவையில் 30 சதவீதத்தை உள்ளூரிலேயே விளைவிக்கும் இலக்கை 2019-இல் வைத்துவிட்டு, 2025-இல் கைவிட்டது. வேறு எந்தக் காசும் மிச்சமில்லாத ஒருவர் சேமிப்பை இதில் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முளைத்த சில நாளிலேயே வெட்டி விற்கும் இளங்கீரை, மைக்ரோகிரீன்ஸ், பரவாயில்லை. பத்து நாளில் வரும், ஒரு அலமாரி போதும். மருந்து தடவாத விதையாக வாங்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஆனால் ஒரு தாம்பரத்துக்கு இரண்டு பேர் செய்தால் சந்தை நிறைந்துவிடும்.

ஆக, கீரையில் ஏழு, காளானில் பன்னிரண்டு, நாற்றில் ஆறு. இருபத்தைந்தாயிரம், இரண்டாவது வருடத்தில், இரண்டு பேர் உழைப்புக்கு. மாடிப் பராமரிப்பு வேலை நாலைந்து வீடு பிடித்தால் நாற்பதைத் தொடலாம். முதலீடு குடில், வலை, தொட்டி, குழாய் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்காதீர்கள்.

வேலையை விடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஒரு விதைகூட வாங்க வேண்டாம். ஒரு மாதம் லீவு போட்டு, தினம் விடிகாலை மூன்று மணிக்குக் கோயம்பேடு போய் இருபது கட்டுக் கீரை வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, உங்கள் பக்கத்து அடுக்குமாடிகளில் ஏழரை மணிக்குள் விற்றுப் பாருங்கள். வாங்கின விலைக்கே கொடுங்கள், லாபம் வேண்டாம். எத்தனை வீடு மறுநாளும் கேட்கிறது, யார் சில்லறை இல்லை என்று தள்ளிப்போடுகிறார், காவலாளி உள்ளே விடுகிறாரா, மூன்றாவது வாரம் உங்களுக்கே எழுந்திருக்க முடிகிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். முப்பதாம் நாள் இருபது கட்டும் தீர்ந்து "நாளைக்கு மணத்தக்காளி கிடைக்குமா" என்று நாலு பேர் கேட்டிருந்தால், மண்வெட்டி வாங்குங்கள்.